ரஞ்சிதம் தலாலை நீக்கிய கதை

பெங்களூர் மர்பி டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமென்றால் ரஞ்சிதத்தின் வீட்டுக்குப் போவார்கள். முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரோரம் கட்டிய கயிற்றில் மாதிரிப் பத்திரிகைகள். மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நோட்டீஸ், புத்த பூர்ணிமா நோட்டீஸ், கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாம் அந்த ஒரே மேசையிலிருந்துதான் புறப்படும். வருகிறவர்கள் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டின் விநோதம் மெல்லப் பிடிபடும்.

"ரஞ்சிதம், தண்ணி லாரி வந்துச்சான்னு கேளு," என்பார் நாற்காலியில் சாய்ந்திருக்கும் மாமனார் முனிரத்தினம். யாரைக் கேட்பது? கைக்கெட்டும் தூரத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்கும் அவருடைய மகன் கோவிந்தனை. கோவிந்தனுக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பான். ரஞ்சிதம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

"ஏங்க, தண்ணி லாரி வந்துச்சா?"

"காலையிலயே வந்துட்டுப் போயிடுச்சின்னு சொல்லு."

"மாமா, காலையிலயே வந்துட்டுப் போயிடுச்சாம்."

முனிரத்தினம் தலையாட்டிவிட்டுப் பேப்பரை மடிப்பார். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தத் தூது வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே ரஞ்சிதம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று யாராவது அனுதாபப்பட்டால், மத்தளத்துக்காவது நடுவில் காலி இடம் இருக்கிறதே என்பாள்.

மூவருமே கோலார் தங்கவயல்காரர்கள். முனிரத்தினம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கோவிந்தன் சுரங்கமே வேண்டாமென்று பெங்களூருக்கு வந்து, பழைய மதராஸ் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் டர்னராகச் சேர்ந்தான். அதற்கெல்லாம் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோவிந்தனின் அம்மா செத்தபோதுதான் முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ தொழிற்சாலைக்கு ஃபோன் செய்து, வாசலில் இருந்த வாட்ச்மேன் ஷிப்ட் மாறிப் போய், செய்தி மறுநாள்தான் அவன் காதுக்கு எட்டியது. ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. இடுகாட்டு வாசலில் அப்பா அவனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ வராமலே இருந்திருக்கலாம்." அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அப்புறம் முனிரத்தினம் ஓய்வு பெற்றார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள், நெஞ்சிலே ஏறிய தூசி மூச்சை முட்டியது. போய் அழைத்து வந்தவள் ரஞ்சிதம். ஒரே கூரைக்குக் கீழே வந்தால் பேசிவிடுவார்கள் என்று நினைத்தாள். பாவம், ஆண்பிள்ளைகளின் ரோஷத்தைப் பற்றி அப்போது அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது.

தூது போகிறவள் சொன்னதைச் சொன்னபடி சொன்னாளா என்றால், இல்லை. "மருந்தச் சாப்பிடாம இருமிக்கிட்டே கெடந்தா மத்தவங்க எப்படித் தூங்கறது?" என்பான் கோவிந்தன். "மாமா, மருந்து சாப்பிட்டீங்களான்னு அவரு கேட்டாரு," என்று போய்ச் சேரும். "தொரை எத்தினி மணிக்கு வூட்டுக்கு வருவாராம்?" என்பார் முனிரத்தினம். "உங்களக் காணோம்னு மாமா வாசல்லயே ஒக்காந்துக்கினு இருந்தாருங்க," என்று அவனிடம் போகும். அடுத்த அறையில் இருப்பவருக்கு எல்லாமே காதில் விழும் வீடுதான் அது. இருந்தாலும் மிதிவண்டி மணிச் சத்தமும் டிவி சத்தமும் காப்பாற்றிவிடும் என்று நம்பினாள். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடியது.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது. கம்ப்யூட்டர் சர்வீஸ் பிரிவு. ரஞ்சிதம் டிப்ளமா படித்தவள். கொஞ்ச காலம் எஸ்.பி. ரோட்டில் கிறிஸ்டோபர் என்பவரின் கடையில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தவள். மாமனாரைப் பார்த்துக்கொள்ளத்தான் வீட்டோடு கடை வைத்தாள். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மாற்றி மாற்றி அடித்து அலுத்துப்போயிருந்தாள். இயந்திரத்தைத் திறந்து உள்ளே கை வைக்க வேண்டுமென்று அவளுக்கு ஏக்கம் இருந்தது. வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு இருவருமே சந்தோஷப்பட்டார்கள். அதிலும் தனித்தனியாகத்தான்.

பகலெல்லாம் அவள் இருக்கமாட்டாள். கோவிந்தன் முதல் ஷிப்ட் முடித்து மத்தியானம் வந்துவிடுவான். அதற்குப் பிறகு அவள் வரும்வரை வீட்டில் இரண்டே பேர். முனிரத்தினத்துக்குத் திடீர் திடீரென்று மூச்சு முட்டும். நாக்கு உலர்ந்து, கண் பிதுங்கி, மூச்சுக்கு மருந்து இழுக்கிற பம்பை எட்டி எடுக்கக்கூட முடியாது. அந்த நேரத்தில் அவர் "கோவிந்தா" என்று கூப்பிடுவாரா? கூப்பிடாவிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பானா? வேலை உத்தரவு வந்த நாளிலிருந்து ரஞ்சிதம் தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட கேள்வி இது ஒன்றுதான். இவர்கள் நேருக்கு நேர் பேசாவிட்டால் அவளால் வேலைக்குப் போக முடியாது.

இதை அவர்களிடமே கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தாள். அதற்குப் பதில், தான் இல்லாதபோது மாமா கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கம்ப்யூட்டரைச் சரிசெய்வதில் இறங்கினாள். மனசு சரியில்லாத நேரத்தில் சில பெண்கள் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு அடுக்குவார்கள். இவள் கம்ப்யூட்டரைக் கவிழ்த்துப் போட்டாள்.

அதில் இருந்த விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் எல்லாருக்கும் புரியும். அவள் முதலில் வைத்திருந்தது பழைய 486. அந்தக் காலத்து இயந்திரத்துக்கு ஓர் அளவுக்கு மேல் பெரிய ஹார்ட் டிஸ்க்கை முழுதாகப் பார்க்கத் தெரியாது. பெரிய டிஸ்க்கை மாட்டினால், இதில் கால்வாசிதான் இருக்கிறது என்று சாதிக்கும். இதற்காக டிஸ்க்கோடு ஒரு ஃப்ளாப்பி கொடுப்பார்கள். அதில் உள்ள சின்ன மென்பொருளை டிஸ்க்கின் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டால் போதும். கம்ப்யூட்டரைப் போட்டதும் எல்லாவற்றுக்கும் முன்னால் அது விழித்துக்கொள்ளும். இயந்திரம் ஒன்று கேட்கும், டிஸ்க் வேறொன்று சொல்லும், இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி அது நடுவில் நின்று சமாளிக்கும். எஸ்.பி. ரோட்டில் அதற்குத் தலால் என்று பெயர் வைத்திருந்தார்கள். தரகன் என்று அர்த்தம். "தலால் போட்டாச்சா?" என்றுதான் கிறிஸ்டோபர் கேட்பார்.

இப்போது பழையதைத் தூக்கிவிட்டுப் பென்டியம் வாங்கிப் போட்டிருந்தாள். புதிய இயந்திரத்துக்குப் பெரிய டிஸ்க்கைத் தானாகவே பார்க்கத் தெரியும். தரகு வேண்டாம். ஆனால் டிஸ்க் பழைய டிஸ்க்தானே, தலைமாட்டில் தலால் அப்படியே உட்கார்ந்திருந்தது. போடும்போதெல்லாம் கறுப்புத் திரையில் தன் பெயரை எழுதிக் காட்டிவிட்டுத்தான் வழிவிட்டது. நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட விண்டோஸ், டிஸ்க்கை நம்பாமல் பழைய காலத்து மெதுவான வழியிலேயே போய் வந்தது. புது மாட்டை வாங்கிப் பழைய வண்டியில் பூட்டிய கதைதான்.

சரி, தலாலைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றால், அதுதான் முடியாது. எது எங்கே இருக்கிறது என்பதை அது தன் வழியில் மாற்றி வைத்திருக்கிறது. அது விழிக்கும் முன்னால் வேறு ஃப்ளாப்பி போட்டு உள்ளே போனால் டிஸ்க் காலியாகத்தான் தெரியும். முறை என்னவென்றால், அது விழித்திருக்கும்போதே எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும். பிறகு அதனுடைய சொந்த ஃப்ளாப்பியைப் போட்டு, அதன் வாயாலேயே அதைப் போகச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சனிக்கிழமை காலையில் ரஞ்சிதம் கிறிஸ்டோபரிடம் டிஸ்க் இரவல் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினாள். கோவிந்தன் ஷிப்டில் இருந்தான். கிளம்பும்போது மாமனாரிடம் தெளிவாகச் சொன்னாள்.

"மாமா, நான் வர்ற வரைக்கும் யாரும் ஃப்ளாப்பி போட்டு கம்ப்யூட்டர ஆன் பண்ணக் கூடாது. தலால் முழிச்சிக்கறதுக்கு முன்னாடி உள்ள போனா, இருக்கறது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காலி டிஸ்க்குன்னு நெனச்சி அழிச்சிட்டா எல்லாம் போச்சி."

"நான் ஏம்மா தொடப் போறேன்? நீ போயிட்டு வா," என்றார் முனிரத்தினம்.

கோவிந்தன் கம்ப்யூட்டரைத் தொடுகிறவனே அல்ல. அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் மனைவிக்கு உதவி செய்ய வேண்டும் என்கிற ஆசை கணவன்மாருக்கு எப்போதாவது ஒரு தரம் வரும். அதுவும் வேண்டாத நேரமாகப் பார்த்துத்தான் வரும். தினமும் ரஞ்சிதம் அந்தத் தலாலைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவனிடம் வழி கேட்டு, அவன் கொடுத்த ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரே ஒரு கட்டளை அடித்தால் போதும், சனியன் ஒழிந்துவிடும் என்று அந்தப் புண்ணியவான் சொல்லியிருந்தான். அவள் திரும்பி வருவதற்குள் முடித்து வைத்து, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கோவிந்தனுக்கு ஆசை.

வந்தான், செருப்பைக் கழற்றினான், ஃப்ளாப்பியைச் செருகினான், ஸ்விட்சைப் போட்டான்.

பின்னால் நாற்காலியில் இருந்த முனிரத்தினம் பேப்பரை இறக்கினார். அவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் மருமகள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. "அத எடுடா" என்றால் போதும். இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் இருமினார். நாற்காலியைத் தரையில் இழுத்துச் சத்தம் செய்தார். எழுந்து போய் மகனின் முதுகுக்குப் பின்னால் நின்றார். தன்னை மட்டம் தட்டத்தான் நிற்கிறார் என்று கோவிந்தன் நினைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக அடித்தான்.

முனிரத்தினம் வெளியே ஓடினார். ஓடினார் என்றால், அவருடைய நெஞ்சு அனுமதித்த வேகத்தில். பக்கத்து வீட்டு லட்சுமம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர். மர்பி டவுனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தமிழ் பேசப் பழகியவர்.

"லட்சுமம்மா, சீக்கிரம் வா. ஃப்ளாப்பிய எடுக்கச் சொல்லி அவன்கிட்ட சொல்லு."

"யார்கிட்ட?"

"அவன்கிட்டதான். உள்ள கீறான்."

"உள்ள இருக்கற மகன்கிட்ட சொல்றதுக்கு வெளிய இருக்கற நான் வரணுமா? ஃப்ளாப்பி அந்தரே ஏனு?"

ஃப்ளாப்பி என்றால் என்ன என்று அவர் மூச்சு வாங்க விளக்கி, லட்சுமம்மா முறத்தை இறக்கி வைத்து, சேலையை உதறிக்கொண்டு உள்ளே வந்து, "கோவிந்தா, உங்கப்பா அதென்னவோ எடுக்கச் சொல்றார்," என்றபோது, எல்லாம் முடிந்துவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தலால் போய்விட்டது. கூடவே மற்றதெல்லாம் போய்விட்டது போல, திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் இரவல் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. திரையைப் பார்த்தாள். கோவிந்தனின் கையிலிருந்த ஃப்ளாப்பியைப் பார்த்தாள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து செய்த அத்தனையும் அதில்தான் இருந்தது.

"உனக்கு ஒதவியா இருக்கட்டுமேன்னுதான் ரஞ்சி... உன் மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வாயத் தொறக்கலன்னு சொல்லு அவர்கிட்ட."

"பெரிய இன்ஜினீரு! கேட்டுட்டுச் செய்யணும்னு அறிவில்லியான்னு கேளும்மா அவன."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தே பேசினார்கள். லட்சுமம்மா தான் பார்த்ததையும் முனிரத்தினம் சொல்லிக் கேட்டதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, தனக்கெதற்கு வம்பென்று போய்விட்டார். கேட்கக் கேட்க ரஞ்சிதத்துக்கு டிஸ்க் மறந்துபோனது. மகன் பக்கத்தில் இருக்க, மகனிடம் சொல்ல, தெருவுக்கு ஓடியிருக்கிறார்.

"மாமா," என்றாள். "இன்னிக்கு டிஸ்க்கு. நாளைக்கு உங்களுக்கு மூச்சி முட்டினா, அப்பவும் லட்சுமம்மா வூட்டுக்குப் போயி இவரக் கூப்பிடச் சொல்லுவீங்களா? அதுக்குள்ள உயிர் நிக்குமா?"

அவள் கோவிந்தனின் பக்கம் திரும்பினாள்.

"அவரு இருமினாரு, நாற்காலிய இழுத்தாரு, பின்னாடி வந்து நின்னாரு. திரும்பி 'இன்னாப்பா'ன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் வேலைக்குப் போகல. விடுங்க. திங்கக்கெழம ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

கோவிந்தன் வெளியே போய்விட்டான்.

ரஞ்சிதம் முகம் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கோவிந்தன் அழித்தது தலாலை மட்டும்தான், அதற்கு மேல் எதிலும் கை வைக்கவில்லை; சரக்கெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது, வழி காட்டத்தான் ஆள் இல்லை. பழைய ஃப்ளாப்பியைத் தேடி எடுத்து, தலாலை மறுபடியும் அதே தலைமாட்டில் உட்கார வைத்தாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. இவ்வளவு நாள் திட்டிய அந்தப் பெயர் கறுப்புத் திரையில் வந்தபோது கும்பிட வேண்டும் போலிருந்தது. பின்னாலேயே எல்லாம் வந்தது, ஒரு பத்திரிகை குறையாமல். இரவல் டிஸ்க்கை மாட்டிக் காப்பி எடுக்கத் தொடங்கினாள். அது மெதுவாகத்தான் நகர்ந்தது.

முனிரத்தினம் வந்து பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சுரங்கத்துல நான் இன்னா வேல பாத்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"மேல ஏதோ வேலன்னு அத்த சொல்லுவாங்க."

"சுரங்கத்துக்குள்ள எறங்கற ஷாஃப்ட்டு வாயில மணியடிக்கிற வேல. கீழ ஆளுங்க கூண்டுல ஏறிட்டு சிக்னல் குடுப்பாங்க. எத்தினி அடிக்கிறாங்களோ அத்தினி நான் கூண்ட இழுக்கற மிஷின்காரனுக்கு அடிக்கணும். ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. தப்பா அடிச்சா கூண்டு எங்கியோ போயி மோதும். ஆள் செத்துடுவான். நான் ஒரு நாளும் மாத்தி அடிச்சதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ ஆறு வருசமா தப்பு மணிதான் அடிச்ச. ஆனா யாரும் சாவல."

ரஞ்சிதம் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மருந்து சாப்பிட்டீங்களான்னு என் மவன் கேக்கவே மாட்டான்மா. அவனப் பெத்தவன் நான், எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சிபோச்சி."

"அப்புறம் ஏன் மாமா ஒண்ணுமே சொல்லல?"

"கேக்க நல்லா இருந்துச்சி. அதான்."

அவளுக்கு அழுகை வந்தது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த அக்கறை என்று அவள் நினைத்ததெல்லாம் அவள் கைச் சமையல்தான். அவர் சாப்பிட்டதும் அதை, அவன் சாப்பிட்டதும் அதை. அடியில் சொந்தமாக ஏதாவது இருக்கிறதா, இல்லை, அவளை எடுத்துவிட்டால் வெறும் ஒரு வரி ஆங்கிலம்தானா? டிஸ்க் என்றால் முன்கூட்டியே காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை. அவள் பயந்தது இதற்குத்தான் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. அவர்கள் பேசவில்லை என்பது பாதிதான். அவர்களைப் பேசவிட அவளுக்கும் தைரியம் வரவில்லை.

"இனிமே நான் மணி அடிக்க மாட்டேன் மாமா," என்றாள்.

"சரிம்மா," என்றார் அவர். அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலாலின் ஃப்ளாப்பியைப் போட்டு, அதன் பட்டியலிலிருந்தே நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்று சொன்னாள். டிஸ்க்கைப் புதிதாகப் பகுதி பிரித்து, விண்டோஸைப் போட்டு, காப்பி எடுத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள். கம்ப்யூட்டர் எழுந்தபோது நடுவில் யாரும் பெயர் சொல்லிக்கொண்டு வரவில்லை. சுரீரென்று எழுந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஞாயிறென்றால் ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும். முனிரத்தினம் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

"ரஞ்சிதம், அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு."

ரஞ்சிதம் தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்லு," என்றான் கோவிந்தன்.

அவள் இன்னும் பிசைந்துகொண்டிருந்தாள். உண்மையில் அதற்கு மேல் பிசைய அதில் ஒன்றுமில்லை.

"காதுல வுழலியாம்மா?"

"வுழுந்துச்சி மாமா. அவருக்கும் வுழுந்துச்சி."

"இன்னா ரஞ்சி, புதுசா கீது?" என்றான் கோவிந்தன்.

"நாளைக்கு இந்நேரம் நான் ஹெப்பகோடியில இருப்பேன். அங்கேருந்து எப்பிடி சொல்றது? இல்ல, போக வேணாமா? அதையாவது ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க."

கோவிந்தனுக்கு முகம் சிவந்தது. "என்னிய இன்னா பண்ணச் சொல்ற? நேத்து என் முதுகுக்குப் பின்னாடியே நின்னுக்கினு, நான் கெடுக்கறதப் பாத்துக்கினே..." என்று அவளிடம் ஆரம்பித்தவன், ஆத்திரத்தில் அப்படியே திரும்பிவிட்டான். "ஏன் சொல்லல? சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவன் யாரைக் கேட்டான் என்பது அவனுக்கே தெரியவில்லை. முனிரத்தினத்துக்குத் தெரிந்தது.

"சொன்னா நீ கேப்பியாடா?"

"கேக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? எப்பவும் இப்பிடித்தான். அம்மா செத்தப்பவும் சொல்லல. எவனோ ஃபோன் பண்ணி, வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஒரு தந்தி குடுக்கக் கை வரல. வராமலே இருந்திருக்கலாம்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சி!"

ரஞ்சிதத்துக்கு நாக்கு துடித்தது. அவர் அப்படிச் சொல்லவில்லைங்க, துக்கத்தில் வந்த வார்த்தைங்க என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. எழுந்து சமையலறை வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தந்தி ஆபீசுக்குப் போனேன்டா!" முனிரத்தினம் கத்தினார். அந்த நெஞ்சுக்குள் அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "ஃபாரத்தக் குடுத்தான், பேனாவக் குடுத்தான். உன் பேர எழுதினேன். உங்கம்மா செத்துட்டான்னு எப்பிடிடா எழுதறது? நீ எழுதுவியா? எழுத வரலடா எனக்கு. திரும்பி வந்துட்டேன்."

"அத இத்தினி வருசமா சொல்லலியேப்பா!"

"நீ கேக்கலியேடா!"

"நீ மூஞ்சத் திருப்பிக்கினா எப்பிடிக் கேக்கறது?"

"நீ திருப்பிக்கல?"

தட்டு நகர்ந்தது. சொம்பு உருண்டது. இரண்டு பேரும் எச்சில் கையோடு எழுந்து நின்று, தெரு முனை வரைக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்கள். இருமல் வந்து முனிரத்தினம் நாற்காலியைப் பிடித்தார். கோவிந்தன் கத்திக்கொண்டே போய் மூச்சு பம்பை எடுத்து வந்து அவர் கையில் திணித்தான். அவர் அதை இழுத்துவிட்டு மறுபடியும் கத்தினார்.

லட்சுமம்மா அலறிப் புடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"ஐயோ தேவரே! ஏனம்மா ஆயித்து, என்னாச்சி? அடிச்சுக்கறாங்களா?"

ரஞ்சிதம் வாசலை மறித்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"ஒண்ணுமில்ல லட்சுமம்மா," என்றாள். "பேசிக்கினு இருக்காங்க."